இராஜ மரணமும் செப்புத் தகடும்

1558-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வீதிகளில் சென்ற இறுதி ஊர்வலத்தில் இறந்தவருடைய உடல் இல்லை. ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, செப்டம்பர் 21-ஆம் நாள், ஸ்பெயின் தேசத்தின் யூஸ்தே மடத்தில் காலமாகி அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டுவிட்டார். ஆயினும், தந்தையின் அந்திமக் கிரியையைத் தம்முடைய வடபுலத்துப் பிரஜைகளின் கண்முன் நடத்திக் காட்ட வேண்டுமென்று மகன் இரண்டாம் பிலிப் விரும்பினார். ஆகையால், கடற்குதிரைகள் இழுத்து வருவதுபோல் அமைந்த ஒரு பெரிய மரக்கப்பலும், அதன் பின்னே கடல் நடுவே நிற்கும் இரு தூண்களும், சக்கரவர்த்தியின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கொடியும், ஏறுவாரின்றி நடத்திச் செல்லப்பட்ட அலங்காரக் குதிரைகளும், கருந்துணி முக்காட்டில் முகம் மறைத்து நடந்த பிலிப்பும், பிரபுக்களும் பாதிரிமாரும் சூழ, அந்தச் சவமில்லாத சவ ஊர்வலம் தேவாலயத்தை அடைந்தது.

மறு வருஷமே, 1559-இல், ஆண்ட்வெர்ப் நகரத்துப் புகழ்பெற்ற அச்சகத்தாரான கிறிஸ்தோபர் பிளாந்தேன் அந்த ஊர்வலம் முழுவதையும் முப்பதுக்கும் மேற்பட்ட தகட்டுச் சித்திரங்களாக வெளியிட்டார். ஹியரோனிமஸ் காக் என்பவருடைய வரைவைக் கொண்டு அவற்றைத் தகட்டில் பொறித்தவர்கள் யோஹான்னஸ், லூக்காஸ் வான் டூடெகம் என்னும் இரு சகோதரர்கள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டினால் பத்து மீட்டரையும் தாண்டி நீளும் அந்தச் சித்திரத்தில், ஊர்வலம் போன வரிசையிலேயே மனிதர்கள் நடந்து போகிறார்கள். என்னுடைய கவனத்தை ஈர்ப்பது கப்பலும் அன்று, குதிரைகளின் அலங்காரமும் அன்று. உருவங்களுக்கு அருகே பொடி எழுத்தில் பொறித்திருக்கும் பெயர்களும் பதவிகளுந்தான். இன்ன நாட்டுக் கொடியை ஏந்தியவர் இன்னார், இன்ன குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தவர் இன்னார் என்று அந்தத் தகடு ஒரு பதிவேடாகவே நிற்கிறது. ஊர்வலத்தில் நடந்த பிரபு ஒருவர் புஸ்தகத்தை விலைக்கு வாங்கினால், தம்மை அதில் தேடிக் கண்டுகொள்ளலாம். அவருடைய பேரனும் கண்டுகொள்ளலாம்.

செப்புத் தகட்டில் சித்திரம் ஏற்றும் வித்தையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் விவாதத்துக்கு அது தேவை. மெருகிட்ட செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கீறுவது ஒரு முறை. தகட்டின்மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, அதில் ஊசியால் வரைந்து, ஊசி பட்ட இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும்படி விடுவது மற்றொரு முறை. டூடெகம் குடும்பத்தார் இவ்விரண்டையும் கலந்து, அமிலம் அரித்த கோடும் உளி கீறிய கோடுபோலவே தோன்றும்படி செய்வதில் வல்லவர்கள். எந்த முறையாயினும், கோடுகளின் பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையால் அழுத்தும்போது, தகட்டில் இடப்பக்கம் இருந்தது காகிதத்தில் வலப்பக்கமாகவும், வலம் இடமாகவும் விழும். அனுபவமுள்ள சிற்பி இதை அறிந்து முன்கூட்டியே மாற்றி வரைவான். பிறருடைய அச்சுச் சித்திரத்தை அவசரமாகப் பார்த்துப் படியெடுப்பவன் அப்படி மாற்றுவதில்லை.

சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று, சக்கரவர்த்தியின் ஊர்வலத்தைப் பொறித்த அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையே நம் தேசத்துச் சாவுச் சடங்கு ஒன்றையும் பொறித்தது என்பதாகும். கோவாவில் ஆர்ச்பிஷப்பின் காரியதரிசியாக 1583 முதல் சில ஆண்டுகள் இருந்து திரும்பிய லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் தம் யாத்திரை விருத்தாந்தத்தை 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டபோது, அதன் சித்திரத் தகடுகளைச் செய்து கொடுத்தவர்கள் மூத்த யோஹான்னஸின் புதல்வர்களான இளைய யோஹான்னஸும் பாப்டிஸ்டாவும் ஆவர். அச்சித்திரங்களில் ஒன்று, இறந்துபோன பிராமணனைத் தகனம் செய்வதையும், அவன் மனைவி உயிரோடு அத்தீயில் விழுவதையும் காட்டுகிறது. குழியில் தீ எழுகிறது, விளிம்பில் பெண் நிற்கிறாள், வாத்தியக்காரர்கள் முழக்குகிறார்கள், உறவினர் கூடி நிற்கிறார்கள். தகப்பன் பொறித்த தகட்டில் குதிரையைப் பிடித்தவனுக்குக்கூடப் பெயர் உண்டு. மகன்கள் பொறித்த தகட்டில் எரிகிறவனுக்கும் பெயரில்லை, எரியப்போகிறவளுக்கும் பெயரில்லை. அடியில் எழுதியிருப்பதெல்லாம், பிராமணன் ஒருவன் இறந்தால் இவ்வாறு செய்வது அவர்கள் வழக்கம் என்ற கருத்து மட்டுமே. ஒன்று ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த சம்பவம். மற்றொன்று என்றைக்கும் எங்கும் நடப்பதாகச் சொல்லப்படும் வழக்கம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம், பிரஸ்ஸல்ஸுக்கும் கோவாவுக்கும் இடையே உள்ள கடல் தூரத்தைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

லின்ஸ்கோட்டனாவது கோவாவில் வாழ்ந்தவர். அவருக்குப் பின் வந்தவர்களின் கதை வேறு. பிராங்பர்ட்டில் தியோடர் டி பிரையின் புதல்வர்கள் வெளியிட்ட கீழ்த்திசை யாத்திரைத் தொகுதிகளில் லின்ஸ்கோட்டனின் படங்கள் மாற்றியும் கூட்டியும் மறுபடி பொறிக்கப்பட்டன. பழவேற்காட்டுக் கோட்டையில் பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோஜர், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651-இல் லெய்டனில் வெளிவந்தது. அந்த நூலின் செய்திகளையும் பழைய படங்களையும் ஆதாரமாகக் கொண்டு, ஆம்ஸ்டர்டாமிலிருந்த பெர்னார்ட் பிக்கார் என்னும் பிரெஞ்சுச் சிற்பி, உலக ஜாதியார் அனைவரின் மதச் சடங்குகளையும் விளக்கும் மாபெரும் தொகுதிக்கு 1723 முதல் தகடுகள் செய்தார். பிக்கார் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவரல்லர். ஆனால் அவருடைய கோடுகளில் இருக்கும் நிதானமும் கம்பீரமும், பார்க்கிறவனை அவர் அங்கே நின்று பார்த்தவர் என்றே நம்பவைக்கும். கலையின் சிறப்பே சாட்சியின் குறையை மறைத்துவிடுகிறது.

இங்கேதான் இடவல மாற்றத்தைப் பற்றி முன்னர்ச் சொன்னது உதவுகிறது. தெய்வத்தை வலமாக வருவதும், மரணக் கிரியையில் இடமாகச் சுற்றுவதும் நம் சாஸ்திர வழக்கு. பூணூல் தரிப்பவர் மங்கள காரியங்களில் அதை இடத்தோளிலும், பித்ரு காரியங்களில் வலத்தோளிலும் அணிவர். படியெடுத்த சித்திரம் ஒன்றில் தகடு திரும்பிவிட்டால், அப்பிரதட்சிணம் பிரதட்சிணமாகிவிடும். வலத்தோள் நூல் இடத்தோளுக்குப் போய்விடும். கர்த்தா இடக்கையால் தீ வைப்பான். ஐரோப்பிய வாசகனுக்கு இதில் ஒன்றும் பேதமில்லை. நம்முடைய சடங்கிலோ அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே பழைய அச்சுச் சித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு, அக்காலத்தில் இப்படித்தான் சுற்றினார்கள், இந்தக் கையால்தான் செய்தார்கள் என்று எழுதுகிறவர், அது எந்தச் சித்திரத்தின் எத்தனையாவது பிரதி என்று முதலில் விசாரித்தாக வேண்டும்.

நம் நாட்டு அரசர் ஒருவருடைய சாவு விரிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், இராமநாதபுரத்தைச் சொல்ல வேண்டும். கிழவன் சேதுபதி என்று வழங்கப்படும் ரகுநாத சேதுபதி 1710-இல் முதிர்ந்த வயதில் காலமானார். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர் அவர். மதுரை நாயக்கருக்கு அடங்கிய சீமையாக இருந்ததைத் தனியாட்சியாக்கியவர் அவர். மறவர் நாட்டில் ஊழியம் செய்த மார்ட்டின் என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் எழுதிய கடிதம், பாரிஸில் அச்சான மிஷன் கடிதத் தொகுதியில் சேர்ந்து, அந்த மரணத்தின் செய்தியைத் தூர தேசங்களுக்குக் கொண்டு போயிற்று. அவர் எழுதுவது இது: ஊருக்கு வெளியே ஆழமான பெருங்குழி தோண்டி விறகு நிரப்பினர். உயர்ந்த ஆபரணங்கள் பூட்டிய அரசனுடைய சரீரத்தை அதன்மேல் வைத்துப் பிராமணர்கள் கிரியை முடித்துத் தீயிட்டனர். பிறகு நாற்பத்தேழு மனைவியர் நகைகளும் மாலைகளும் அணிந்து வந்து குழியைப் பலமுறை சுற்றினர். மூத்தவள், அரசனுடைய கட்டாரியைக் கையில் ஏந்தி, அடுத்துப் பட்டத்துக்கு வருகிறவரிடம் ஒப்படைத்து, பகைவர்மேல் மட்டுமே இதைப் பிரயோகிக்க வேண்டும், குடிகளின் இரத்தத்தில் தோய்க்கலாகாது என்று உபதேசித்துவிட்டுச் சிவநாமம் சொல்லித் தீயில் பாய்ந்தாள். இரண்டாமவள் புதுக்கோட்டைத் தொண்டைமானுடைய சகோதரி. அங்கே நின்ற தமையனிடம் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவளும் போனாள். அவர்களுக்குப் பின் ஒருத்திக்குத் துணிவு போயிற்று. கூட்டத்தில் நின்ற ஒரு கிறிஸ்தவப் போர்வீரனிடம் ஓடி, காப்பாற்றும்படி அவனைப் பற்றினாள். அவன் திகிலடைந்து உதறித் தள்ள, அவள் நிலைகுலைந்து குழிக்குள் விழுந்தாள். அவனும் நடுக்கம் கண்டு காய்ச்சலில் மாண்டான்.

இந்த விருத்தாந்தத்தை முழுவதும் நம்பலாமா? கிழவன் சேதுபதியின் ஆணையால்தான் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். அவரும் மார்ட்டினும் ஒரே சபையினர். தம் சபையின் தியாகிக்கு மரண தண்டனை விதித்த அரசனுடைய சாவைப் பற்றி அச்சபையின் பாதிரியார் எழுதும்போது, நடுநிலையை நாம் எதிர்பார்க்க முடியாது. பயங்கரமான காட்சி அவருக்குப் பயனுள்ளது; கைவிட்ட கிறிஸ்தவன் உடனே மாண்டான் என்ற முடிவு ஒரு பிரசங்கத்துக்கு ஏற்ற முடிவு. நாற்பத்தேழு என்ற எண்ணைச் சரிபார்க்க நமக்கு வேறு கணக்கும் இல்லை. இருந்தும் நான் இந்தச் சாட்சியைத் தள்ளிவிட மாட்டேன். குற்றம் காண வந்தவன் மூத்த ராணியின் வாயில் அவ்வளவு அழகான ராஜநீதியை வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பயந்து ஓடிய அந்தப் பெண்ணைப் பற்றிய செய்தியையோ, சேதுபதியின் சபைப் புலவர் எவரும் எழுதியிருக்கவே மாட்டார். பகைவனுடைய ஏடு சில சமயம் சுற்றத்தாரின் ஏட்டைவிட உண்மையை அதிகம் சேமித்து வைக்கிறது. ஐரோப்பிய லாபத்துக்காக எழுதிய அந்தக் கடிதத்தில்தான், போக விரும்பாத ஒருத்தி இருந்தாள் என்ற செய்தி நமக்குக் கிடைக்கிறது.

மார்ட்டினுடைய குழியையும் லின்ஸ்கோட்டன் தகட்டின் குழியையும் சேர்த்துப் பார்த்தால், அச்சுச் சித்திரம் முற்றும் பொய்யன்று என்பதும் தெரியும். பதினேழாம் நூற்றாண்டு யாத்ரீகரான தவேர்னியே, உடன்கட்டை ஏறுவது குஜராத்தில் ஒருவிதம், வங்காளத்தில் ஒருவிதம், சோழமண்டலக் கரையில் ஒருவிதம் என்று பிரித்து, சோழமண்டலத்தில் பெருங்குழி தோண்டுவதாக எழுதுகிறார். ஆகையால் தகட்டில் குழி இருப்பது தென்னாட்டு வழக்குக்கு ஒத்ததே. இல்லாமற் போனவையே அதிகம். எங்கள் கடையநல்லூர்ப் பக்கத்தில் ஒரு சாவு வீட்டைக் கண்டவர் எவரும் தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் எதை எதைக் காணோம் என்று சொல்லிவிடுவார்: நீர்மாலை எடுத்து வரவில்லை, பிறந்த வீட்டார் கோடி கொண்டுவரவில்லை, பேரன்மார் கையில் நெய்ப்பந்தம் இல்லை, வாய்க்கரிசி இடுவார் இல்லை, தோளில் கொள்ளிக்குடத்தோடு மூன்று முறை சுற்றும் மகன் இல்லை. இவை ஒவ்வொன்றும் இறந்தவருக்கு இன்னார் இன்ன முறை என்று ஊரறியச் சொல்லும் செயல்கள். பெயர் எழுதாத தகட்டுக்கு முறை தேவைப்படவில்லை. தீயும் பெண்ணும் போதுமாயிருந்தன. இதே ஊரில் பெருந்தொகையினராக வாழும் முஸ்லிம் குடும்பங்களில், கபன் துணி அணிந்த மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோவதிலும், யார் முதலில் தோள் கொடுப்பது என்பதில் உறவின் கணக்கு உண்டு.

நம்மவர் அரசருடைய சாவை எப்படிப் பதிந்தார்கள்? ஒரு சோழன் இறந்தபோது அவனுக்கேற்ற தாழியைக் குயவன் எப்படி வனையப் போகிறான் என்று ஐயூர் முடவனார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அத்தகைய தாழிகள் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் கூட்டங்கூட்டமாகக் கிடைத்தன. பிற்காலச் சோழர் இறந்த அரசருக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தனர். ஆதித்த சோழனுக்குக் காளத்தியின் அருகே பராந்தகன் எடுத்ததும், அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் இராஜராஜன் எடுத்ததும், பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பக்கத்தில் இராஜேந்திரன் எடுத்ததும் கல்வெட்டுச் சான்றுடையவை. சுந்தர சோழனோடு தீப்புகுந்த வானவன்மாதேவி, பால்குடி மாறாத குழந்தையை விட்டுப் போனாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. கவனிக்க வேண்டியது, இங்கெல்லாம் பெயர் நின்றிருக்கிறது. சடங்கின் காட்சி நிற்கவில்லை. ஐரோப்பியத் தகட்டில் நமக்குக் காட்சி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்கள், கிழவனுக்குப் பின் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் பட்டாபிஷேகத்தையும், போரையும், ஐரோப்பியரை அவர் வரவேற்பதையும், அந்தப்புரக் கேளிக்கையையும் விஸ்தாரமாகத் தீட்டிக் காட்டுகின்றன. அரண்மனைச் சித்திரக்காரனுக்கு அரசன் வாழ்ந்தது விஷயமாயிற்று.

ஆனால் இதைச் சொல்லி நாம் ஐரோப்பியரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. மார்ட்டின் குறிப்பிடும் நாற்பத்தேழு பேரில், தொண்டைமானின் சகோதரி ஒருவரையே புதுக்கோட்டைச் சரித்திரத்தின் துணைகொண்டு காதலி நாச்சியார் என்று பெயர் சொல்லக் கூடியதாயிருக்கிறது. அதுவும் அவர் மூலமாகப் புதுக்கோட்டைச் சீமை தமையனுக்குக் கிடைத்தது என்ற அரசியல் காரணத்தால். ஏனையோர் பெயரை ராஜ்யத்தின் ஏடும் காக்கவில்லை. தென்பாண்டிச் சீமையின் கண்மாய்க் கரைகளிலும் வழிச்சந்திகளிலும் தீப்பாய்ந்த அம்மன், மாலையம்மன் என்று கும்பிடப்படும் சிறு கற்களைப் பார்க்கிறோம். அவற்றில் கைகூப்பிய பெண்ணுருவமோ, மடக்கிய கையோடு எழும் தூணுருவமோ பொறித்திருக்கும். வீட்டார் பொங்கலிட்டு வழிபடுவார்கள். அவளுக்கு இட்ட பெயர் என்ன என்று கேட்டால் அம்மன் என்பார்கள். தெய்வமாக்கியதும் ஒருவகையில் பெயரை அழித்ததுதான். லின்ஸ்கோட்டனின் தகடு அவளை வழக்கமாக்கியது, நாம் அவளைத் தெய்வமாக்கினோம்.

அரசருடைய சாவில் உடன்கட்டை ஏறும் வழக்கம் பிரிட்டிஷார் காலத்து வாசல்வரை வந்தது. தஞ்சாவூர் அரசர் ஒருவர் 1801-இல் இறந்தபோது அவருடைய நான்கு மனைவியரில் இருவர் உடன் எரிந்ததையும், எரிந்த எலும்பைப் பொடியாக்கிச் சோற்றில் கலந்து பிராமணர் சிலர் உண்டதாகச் சொல்லப்பட்டதையும் அபே துய்புவா என்ற பாதிரியார் எழுதினார். வங்காளத்தில் 1829-இல் வந்த தடை, சென்னை ராஜதானியில் 1830-ஆம் வருஷத்து முதலாம் ரெகுலேஷனாக அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் ஐரோப்பியப் புஸ்தகங்களில் பழைய தகட்டின் வழித்தோன்றல்களான படங்கள் வந்துகொண்டிருந்தன. சட்டம் நிறுத்திய காரியத்தைச் சித்திரம் நிறுத்தவில்லை.

ஆகவே, நூலகத்திலோ பழம்பொருட் கடையிலோ, இந்திய அரசனின் தகனக் கிரியை என்று பெயரிட்ட செப்புத் தகட்டுச் சித்திரம் ஒன்றைக் காண்பவர் அதை ஆம்ஸ்டர்டாமின் சரித்திரத்துக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம்; இராமநாதபுரத்தின் சரித்திரத்துக்கு அது ஆதாரமாகாது. அதை ஆய்வில் கையாளுவோர் எந்த நூலின் எந்தப் பதிப்பு, யாருடைய வரைவு, யாருடைய உளி, முன்னுள்ள எந்தத் தகட்டின் திருப்பம் என்ற நான்கையும் குறித்துவிட்டே மேலே போவது தகும்.

இனி இவ்வட்டாரத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொக்கம்பட்டி, சிவகிரி, சேற்றூர், ஊற்றுமலை ஆகிய பழைய ஜமீன்களோடு தொடர்புள்ள வீடுகளிலும், கடையநல்லூர் நெசவாளர் வீடுகளிலும், பெட்டிக்கடியில் சாவுச் செலவுக் கணக்கேடுகளும், மாலையிட்டு உட்கார்த்தி வைத்த முதியவரைச் சுற்றி உறவினர் நிற்கும் பழைய போட்டோக்களும் கிடக்கக்கூடும். அவற்றை அழுக்கென்றும் அமங்கலமென்றும் எரித்துவிட வேண்டாம். படத்தில் இருப்பவர் இன்னார், இறந்தவருக்கு இன்ன முறை என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பிரதியெடுத்துக்கொள்ள இடம் கொடுங்கள்.